மாமனாருக்குப் பிடித்தது

பர்மாவில் பிறந்த மனுஷன் என்றால் நூடுல்ஸ் தின்பதற்காகவே பிறந்திருப்பார் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் என் மனைவி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

என் மாமனார் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். சின்னப் பையனாக வந்திறங்கி, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, கடைசியில் திண்டிவனத்தில் ஒதுங்கிய குடும்பம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கான ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்கு ஒரு பெயர் வைத்து, போர்டில் பெரிய எழுத்தில் எழுதியும் மாட்டியிருந்தார். ஊர் அந்தப் போர்டைப் படித்ததே இல்லை. ‘பர்மாக்காரர் கடை’ என்றுதான் சொல்லும். அவரிடம் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், “திண்டிவனந்தாங்க” என்று ஏதோ இடத்தை ஆக்கிரமித்துவிட்டவர் மாதிரி மெதுவாகச் சொல்வார்.

எனக்கு வீடும் வேலையும் விழுப்புரத்தில். ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். வெள்ளையாக ஒரு உப்பைக் கொடுத்தால் அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை. அந்தத் திமிரில்தான் மாமனாரையும் ஆராய்ந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் பேத்தியையும் பார்க்க வருவார். சாயங்காலமானால் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே அத்தோ கடைக்குப் போய்விடுவேன். பர்மா நூடுல்ஸ். முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், எண்ணெயில் பொரித்த பூண்டு, மேலே கை நிறைய மிளகாய்த்தூள்.

அவர் தின்பார். தின்னத் தின்னக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். 

“ஊரு ஞாபகம் வந்துடுச்சா மாமா?”

“ஆமாங்க மாப்ளே.”

“இன்னொரு பிளேட் சொல்லட்டா?”

“உங்க இஷ்டம்.”

என் இஷ்டம் எப்போதும் இன்னொரு பிளேட்டாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், “உங்கப்பாவ உங்க யாருக்கும் புரியலடி. எனக்குத்தான் புரிஞ்சிருக்கு” என்று சொல்லுவேன். அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதைப் பெருமிதம் என்று எடுத்துக்கொள்வேன்.

போன சித்திரையில் மாமனார் போய்விட்டார். மத்தியானம் கடையில் சாப்பிட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு தராமல் போனார் என்று வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. தொந்தரவு கொடுத்திருக்கலாமே. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, கால் அமுக்கு, கஞ்சி கொண்டுவா என்று எங்களை ஓட விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

எங்கள் பக்கத்தில் காரியத்துக்கு முந்தின நாள் வீட்டில் படையல் போடுவார்கள். செத்தவர் ஆசையாகத் தின்றது, குடித்தது எல்லாவற்றையும் இலையில் வைத்துக் கும்பிட வேண்டும். பீடி குடித்தவருக்குப் பீடி, பிராந்தி குடித்தவருக்குப் பிராந்தி. படைத்து முடிக்கும்வரை வீட்டில் வெந்த எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. குழம்புக்கு உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. எல்லாம் தெரிந்த வழக்கம்தான். ஆனால் என் மனைவி இரண்டு மூன்று நாளாகவே பிரமை பிடித்தவள் மாதிரி இருந்தாள். ஒரே மகள். அம்மாவும் இல்லை. திண்டிவனத்து வீட்டில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு திடீரென்று என்னைக் கேட்டாள்.

“ஏங்க, எங்கப்பாவுக்கு என்ன புடிக்கும்?”

“என்னைக் கேக்கற?”

“நீங்கதான் புரிஞ்சவராச்சே.”

அதில் இருந்த குத்தலைக் கவனிக்காதவன் மாதிரி, “அத்தோ” என்றேன்.

“வெளையாடாதீங்க. ஆயுசு முழுக்க நமக்குப் புடிச்சதத்தான் அவரு சாப்ட்டாரு. இந்த ஒரு எலையாச்சும் அவருக்குப் புடிச்சதா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும். இது அப்பாவுக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்சு வெக்கணும்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கரண்டியைப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். 

கெட்டவன்மேல் கோபம் வந்தால் ஊரே துணைக்கு வரும். நல்லவன்மேல் கோபம் வந்தால் நாம்தான் கெட்டவன். மாமனார்மேல் எனக்கு வருஷக்கணக்கில் இருந்த கோபத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

எங்கள் வீட்டுக்கு வருவார். மின்விசிறியைப் போடட்டுமா என்றால், “உங்களுக்கு எப்படியோ” என்பார். காப்பியா டீயா என்றால், “எது இருக்கோ அது.” இரண்டும் இருக்கிறது மாமா என்றால், “அப்ப எது சுலுவோ அது.” கட்டிலில் படுங்கள் என்றால் கட்டிலில், பாயில் படுங்கள் என்றால் பாயில். ஒரு தடவை, சும்மா ஒரு பரிசோதனைக்காக, “மாமா, வாசல்ல கார் நிக்கற எடத்துல படுக்கறீங்களா, காத்து வரும்” என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மனைவி எனக்கு அன்றைக்குச் சோறு போடவில்லை.

அத்தை இருந்த காலத்தில் அத்தையிடமே கேட்டிருக்கிறேன். “அவரா? சட்டியக் கழுவி ஊத்துனாலும் நல்லா இருக்குன்னுட்டு எழுந்து போவாரு. எந்தக் கொழம்பு உருப்படின்னு தெரியாமயே நானும் கெழவி ஆயிட்டேன்” என்றார் அத்தை. அதில் சிரிப்பு பாதிதான் இருந்தது.

ஒரு நாள் என் பொறுமை தீர்ந்துவிட்டது. அவருக்கு டீ போட்டபோது சர்க்கரைக்குப் பதிலாக இரண்டு ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டேன். வேண்டுமென்றேதான். இன்றைக்கு இந்த மனுஷன் வாயிலிருந்து ‘நல்லா இல்லை’ என்ற வார்த்தையை வரவழைக்காமல் விடுவதில்லை என்று எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதல் மடக்கு குடித்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. என்னைப் பார்த்தார். இரண்டாவது மடக்கு. மூன்றாவது. டம்ளர் காலியானது.

“எப்படி மாமா இருக்கு?”

“நல்லா இருக்குங்க மாப்ளே.”

உப்பைக் கண்டுபிடிப்பதைத் தொழிலாக வைத்திருக்கிறவன் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார். எனக்கு மேஜையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் ஊருக்குப் போன பிறகு மனைவி சொன்னாள்: “சக்கர கெடைக்கலன்னா சொல்லும்மா, திண்டிவனத்துலருந்து வாங்கியாறேன்னாரு. என்ன பண்ணீங்க?” நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அவரிடம் நேராகவே கேட்டதும் உண்டு. விழுப்புரம் ஸ்டேஷனில் திண்டிவனம் போகும் பாசஞ்சருக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கியிருந்தேன். இந்தப் பக்கத்தில் நிலக்கடலையை அப்படித்தான் சொல்வோம். அவர் வழக்கம்போல முற்றிய காயாகப் பார்த்து எடுத்து, உரித்து, பருப்பை என் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“மாமா, நான் என்ன கைப்பிள்ளையா? நீங்க தின்னுங்க. ஒரு தடவையாச்சும் எனக்கு இது வேணும், இது வேணாம்னு சொன்னா என்ன மாமா? வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

அவர் சிரித்தார். அப்புறம் கடலையைப் பார்த்தபடியே சொன்னார். கப்பலில் வரும்போது அவருடைய அப்பா சொன்னாராம்: போற எடத்துல நமக்கு ஒண்ணும் இல்ல. குடுத்தா வாங்கிக்கணும், கேக்கக் கூடாது. முகாமில் ஒரு நாள் கோதுமைக் கஞ்சி ஊற்றினார்கள். பையனுக்கு அது இறங்கவில்லை. “எனக்கு இது வேணாம்” என்று தட்டைத் தள்ளிவிட்டான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா கஞ்சி ஊற்றியவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்தத் தட்டையும் எடுத்து அவரே குடித்தார்.

“அந்தக் கும்புடு எனக்காகப் போட்டது மாப்ளே. அதோட வுட்டுட்டேன்.”

“அது எந்தக் காலம் மாமா! இப்ப இது உங்க ஊரு. ஓட்டு இருக்கு, கடை இருக்கு, பேத்தி இருக்கா. இன்னும் என்ன முகாம்லயா இருக்கீங்க?”

“பழகிப்போச்சு” என்றார். ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினார். வண்டி நகரும்போது பார்த்தேன், பொட்டலத்துக்குள் விரலை விட்டுத் துழாவித் துழாவி எதையோ தேடித் தின்றுகொண்டிருந்தார். மனுஷனுக்குக் கடலைகூட நிம்மதியாகத் தின்னத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

படையலன்று காலையிலேயே ஒலக்கூரிலிருந்து என் அக்கா வந்து இறங்கினாள். நிலம் நீச்சு உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் அன்றைக்குத்தான் பிடுங்கிய மல்லாட்டை ஒரு கோணிப்பை.

“தள்ளுங்கடி. கேப்பைக் களியும் கருவாட்டுக் கொழம்பும் எடுத்தாந்துக்கிறேன். சம்மந்திக்கு இதுன்னா உசுரு. எங்கூட்டுக்கு வந்தா, ‘இன்னும் கொஞ்சம் களி போடும்மா’ன்னு கேட்டு வாங்கித் துன்னுவாரு.”

மனைவியின் முகம் மலர்ந்தது. “கேட்டாரா அண்ணி? அவரே கேட்டாரா?”

அக்கா யோசித்தாள். “கேக்கல. நான் போட்டுக்கினே இருந்தேன். வேணாம்னு சொல்லல.”

மனைவி திரும்பவும் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்து மாமனாரின் பக்கத்துக் கடை பாய் வந்தார். பையும் பெட்டியும் விற்கிறவர், கோட்டக்குப்பத்துக்காரர். மாமனாரும் அவரும் ஒரே தூணில் சாய்ந்து உட்கார்ந்து காலம் தள்ளியவர்கள். துண்டால் சுற்றிய பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

“நோம்புக் கஞ்சி. இப்ப நோம்பும் இல்ல ஒண்ணும் இல்ல, இருந்தாலும் வூட்ல சொல்லி ஜல்தியா காய்ச்சச் சொன்னேன். வருஷா வருஷம் எங்கூடத் தெறந்தவரு மாப்ளே. ஒரு சொட்டு வெக்க மாட்டாரு.”

“ஒரு சொட்டும் வைக்க மாட்டார்தான் பாய். உப்பு டீலயும் வைக்கல” என்றேன்.

பாய்க்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. என் பங்குக்கு விழுப்புரத்திலிருந்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்த அத்தோவைப் பையிலிருந்து எடுத்து, பெருமையாக இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நிச்சயம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். கண்ணீரே சாட்சி.

பாய் மூக்கைச் சுருக்கினார். “இன்னா மாப்ளே அது?”

“அத்தோ. மாமாவுக்கு உயிர்.”

“யாரு சொன்னது?”

“யாராச்சும் சொல்லணுமா பாய்? பர்மாவுல பொறந்தவரு. திங்கும்போது கண்ணு கலங்கிடும்.”

பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். “அட பேஜாரே. நீதானா அது? விழுப்புரம் போயிட்டு வந்தா மறுநாள் பூரா அந்தாளு கடையில சோடாவும் மாத்திரையுமா உக்காந்துக்கினு இருப்பாரு. வயித்தப் புடிச்சிக்கினு ஏப்பம் வுட்டுக்கினே பாவாட சட்ட எடுத்துக் காட்டுவாரு. இன்னாங்க ஆச்சுன்னா, ‘மாப்ள ஆசையா வாங்கிக் குடுத்தாரு’ம்பாரு.”

“அவங்க ஊரு சாப்பாடு பாய்…”

“யாரு ஊரு சாப்பாடு? அவங்க வூட்ல ரெண்டு வேளையும் சோறு கொழம்புதானாம். வெளியில விக்கறத தொட்டா அவங்கம்மா தோல உரிச்சிடுமாம். அவரே சொல்லிக்கிறாரு. அந்த ஐட்டத்த அவரு பொறந்ததுலருந்து மொத மொதல்ல தின்னதே உன் கையாலதான் மாப்ளே!”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்க வீடு என்பதால் சத்தம் வராமல் குலுங்கினாள். “ஏண்டா, நீ படிச்சிக்கினு பாடம் வேற நடத்தறியாடா?” என்றாள். மனைவி அத்தோ பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமல், வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். நாய் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்காவது பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் சுதந்திரம் இருந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது என்று சொல்வதைவிட, கோபமாக இருந்தது என்பதுதான் சரி. இத்தனை வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்திலேயே இட்லிக் கடை. எங்கள் எல்லோரையும் வள்ளல்களாக ஆக்கிவிட்டு, இப்போது அத்தனை பேரையும் முட்டாள்களாக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். பாயிடமே பொருமினேன். பாய் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நானு துபாயில இருந்தப்ப எனக்கும் அப்டித்தான். எத போட்டாலும் நல்லாக்கீது, நல்லாக்கீது. எனக்கு ஆவல, பொட்டிய கட்டிக்கினு கோட்டக்குப்பம் வந்து எங்கம்மாகிட்ட ‘இதுல உப்பே இல்ல’ன்னு ஒரு கத்து கத்துனேன் பாரு, அப்பதான் ஊருக்கு வந்த மாரி இருந்துச்சு. அவரு திரும்பிப் போயி கத்தறதுக்கு ஊரு ஏது மாப்ளே?”



சமையல் முடிந்துகொண்டிருந்தது. இலையில் களி, கருவாட்டுக் குழம்பு, கஞ்சி, வடை, பாயசம் எல்லாம் அடுக்கியாகிவிட்டது. மனைவி அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “பந்தி மாதிரி இருக்கு. எங்கப்பா எலை மாதிரி இல்ல” என்று சொல்லிவிட்டு விளக்குத் துடைக்கப் போனாள்.

பின்கட்டில் என் மகள், அவித்து இறக்கியிருந்த மல்லாட்டைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலேஜ் படிக்கிற பெண். குவியலைக் கிளறிக் கிளறிப் பருப்பு பிடிக்காத பிஞ்சுக் காயாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பண்ற?”

“தாத்தாவுக்கு.”

“படைக்கறதுக்கு நல்லதா, முத்துனதாப் பாத்து எடுக்காம குப்பையப் பொறுக்கற?”

“தாத்தா இதத்தான்ப்பா தின்னுவாரு. முத்துனத எனக்கு உரிச்சுக் குடுத்துட்டு பிஞ்ச அவரு எடுத்துப்பாரு. நான் கேட்டேன். இதுதான் இனிக்கும்னாரு.”

“உனக்கு நல்லதக் குடுக்கணும்னு சொல்லியிருப்பாரும்மா. உங்க தாத்தா உப்புப் போட்ட டீயவே நல்லா இருக்குன்னவரு.”

அவள் கை நின்றுவிட்டது. கிண்ணத்தைப் பார்த்தாள். “இருந்த பிஞ்சையெல்லாம் பொறுக்கிட்டேனே” என்றாள் சின்னக் குரலில். அதற்குள் பூ தொடுக்க வரச்சொல்லி அக்கா கூப்பிட, கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

எனக்கு அந்த முகத்தைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் நம்பிக்கையைத்தான் கெடுப்பது? கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் ரயில் ஜன்னல் ஞாபகம் வந்தது. பொட்டலத்துக்குள் விரலை விட்டுத் துழாவியது. முற்றிய காய் மேலேயே இருந்தது. அன்றைக்கு அவர் எதிரில் பேத்தி இல்லை, நான் இல்லை. விட்டுக்கொடுக்க ஆளே இல்லை. யாருக்காகத் தேடினார்?

ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்து, தோலைக் கிண்ணத்திலேயே போட்டேன். உள்ளே இளநீர் மாதிரி ஒரு துளித் தண்ணீர். இனித்தது.

ஒரு முறை கிடைத்த விடையை நம்பக் கூடாது, மறுபடி செய்துபார் என்று பிள்ளைகளிடம் ஆண்டு முழுக்கக் கத்துகிறவன் நான். இன்னொன்றைக் கடித்தேன். அதுவும் இனித்தது. இரண்டு தற்செயலாக ஒத்துப்போகலாம். மூன்றாவது. பிறகு, அடியில் கிடப்பவை வேறு மாதிரி இருக்குமோ என்று அடியிலிருந்து.  அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆயுசு முழுக்க ஒரே ஒரு தடவை, அதுவும் பேத்தியிடம் மட்டும், தனக்குப் பிடித்தது எது என்று அந்த மனுஷன் வாய் திறந்து சொல்லியிருக்கிறார்.

முன்கட்டுக்கு ஓடினேன். மனைவி விளக்கேற்றிவிட்டுக் கற்பூரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கண்டுபுடிச்சிட்டேன்! உங்கப்பாவுக்கு என்ன புடிக்கும்னு கண்டுபுடிச்சிட்டேன். பிஞ்சு மல்லாட்டை. நிச்சயமா அதான். நம்ம பொண்ணு அத்தனையும் பொறுக்கி வெச்சிருக்கா.”

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. இலையில் கருவாட்டுக் குழம்பை ஒதுக்கி நடுவில் இடம் பண்ணினாள். “குடுங்க” என்று கையை நீட்டினாள்.

நான் கிண்ணத்தை நீட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்புறம் அவள் என் வாயைப் பார்த்தாள்.

“இல்லடி… நிச்சயமாத் தெரியணும்னு நீதானே சொன்ன…”

“தோல வெச்சுப் படைங்க.”